பளிச்சென்று ஓர் ஈரல்

"வெள்ளையா இருக்கு, ரொம்ப வெள்ளை"
என்றாள், வயிற்றில் குளிர்ந்த பசை தடவி
கருவியை அழுத்திக்கொண்டிருந்த பெண்.
நல்லதுதானே என்றேன்.
அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
கிட்னி பக்கத்தில் மங்கலாகக் கிடக்க
என் ஈரல் மட்டும்
டியூப்லைட் போட்டது போல.

நான் தின்ற ஈரலெல்லாம் கருஞ்சிவப்பு.
பாரில், பிளாஸ்டிக் தட்டில்,
மிளகுத்தூள் தூவி, தொட்டுக்கொள்ள.

வராந்தாவில் எனக்கு முன்னால் ஒரு வங்காளத்துக் குடும்பம்,
ஃபைலை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.
என் சீட்டில்: சம்பங்கி, ஆண், நாற்பத்திரண்டு.
தொழில் என்ற இடம் காலி.
எழுதியிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள்.

ராணிப்பேட்டையில் எனக்கு வேலை
தோலின் உள்பக்கத்துக் கொழுப்பை வழிப்பது.
ரப்பர் உருளைக்கும் கத்தி உருளைக்கும் நடுவே
ஈரத்தோலைக் கொடுத்து வாங்கினால்
ஜவ்வும் கொழுப்பும் கீழே குழியில் விழும்.
கொழுப்பு நின்ற தோலில் சாயம் ஏறாது.
மேஸ்திரி ஜபருல்லா ஒவ்வொன்றையும்
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.
பதினெட்டு வருஷத்தில் என் தோல்
ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நாற்றத்தை மறக்கத்தான் குடிக்கிறேன் என்பேன்.
பொய்.
நாற்றம் மூன்றாம் மாதமே மறந்துபோனது.

டாக்டரம்மாவுக்கு மிசோரம்.
தமிழ் வேலூரில் கற்றது, அதனால்
"இன்னா பண்ணுது?" என்றுதான் கேட்கிறார்.
"உள்ள வர்றது விஷம்னு ஈரலுக்குத் தெரியும்.
அதை முதல்ல அனுப்பணும்னு
மத்த வேலையை நிறுத்திடும்.
எரிக்க வேண்டிய கொழுப்பை எரிக்காது.
வெளிய அனுப்ப வேண்டியதைச் சரியா அனுப்பாது.
பத்தாததுக்குப் புதுசாவும் செய்யும்."

எனக்குப் புரிந்தது இப்படி:
கிரீன் சர்க்கிளில் மந்திரி கார் வருகிறது.
போலீஸ்காரர் கையைத் தூக்குகிறார்.
காட்பாடி ரோடு, சென்னை ரோடு, பெங்களூர் ரோடு,
லாரிக்குப் பின்னால் லாரி.
மந்திரி போய் வழி திறக்கும் நேரம்
இன்னொரு மந்திரி.
தினம் ராத்திரி எட்டரைக்கு ஒருவரை அனுப்பினேன்,
ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர்.
பொறுத்துப் பார்த்த லாரிகள்
நின்ற இடத்திலேயே இறக்கிவிட்டுப் போயின.
ஒரு சரக்கு போகப் போக
ஒரு சரக்கு சேர்ந்தது.

"வலிக்கவே இல்லியேம்மா."
"இப்ப வலிக்காது.
இப்ப விட்டா சில வாரத்துல வடிய ஆரம்பிக்கும்.
விடலைன்னா தழும்பாயிடும்."
தழும்பு எனக்குத் தெரியும்.
முள் கிழித்த ஆட்டின் தோலில்
எந்த மிஷினும் எடுக்க முடியாத கோடு.

பவுனம்மா ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
"இன்னா போட்டுக்கீது?"
கொழுப்பு என்றேன்.
"இதுக்கா அந்தப் பொண்ணுக்கு எழுநூறு ரூபா குடுத்தே?
நான் இத்தினி வருஷமா சும்மாவே சொல்லிக்கினு இருந்தேனே."
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
பிறகு பேருந்து பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை
ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
ஓரமாக ஒரு கோடு சாக்கடை.

முத்துக்கடையில் இறங்கியபோது மணி எட்டு இருபது.
கடை இருக்கும் சந்து எந்தப் பக்கம் என்று
காலுக்குத் தெரியும்.
அவளுடைய பையை நான் வாங்கிக்கொண்டேன்,
இரண்டு கைக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

இது நாலாவது நாள்.
தூக்கமில்லை, விரல் நடுங்குகிறது.
டாக்டரம்மா கொடுத்த மாத்திரை சட்டைப்பையில்.
பதினோரு மணிக்கு ஒரு தோலை
உருளைக்குள் கோணலாக விட்டுவிட்டேன்.
நடுவில் கிழிந்தது, ஒரு சாண்.

ஜபருல்லா அதை வெளிச்சத்தில் தூக்கினார்.
கிழிசல் வழியாக அவர் முகம் தெரிந்தது.
என் கையைப் பார்த்தார்.
தோலை ஓரமாகப் போட்டுவிட்டு
அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.